ரோமிங்கில் போன எஸ்எம்எஸ்ஸுக்கு யார் காசு கேட்பது?

செல்போன் வந்த புதிதில் சென்னை தமிழ்நாட்டில் இல்லை. வரைபடத்தில் இருந்தது, உரிமத்தில் இல்லை. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை நான்குக்கும் தனித்தனியாக உரிமம் கொடுத்திருந்தார்கள். சென்னையில் ஸ்கைசெல், ஆர்பிஜி செல்லுலார் என்று இரண்டு நிறுவனங்கள். மீதித் தமிழ்நாடு வேறு வட்டம் (ஓர் உரிமம் செல்லும் எல்லைக்கு அதுதான் பெயர்), வேறு உரிமம். சென்னை வட்டம் என்பது சென்னைத் தொலைபேசியின் உள்ளூர்ப் பகுதியும், அதோடு மறைமலை நகர், மீஞ்சூர், மாமல்லபுரம் பக்கமும்தான். அதற்கு அந்தப் பக்கம் காலை வைத்தால் நாம் வெளியூர்ச் சந்தாதாரர், அதாவது ரோமிங்.

எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறி, தாம்பரம் தாண்டி, நடு பர்த்தைத் தூக்கி மாட்டலாமா வேண்டாமா என்று எதிர் சீட்டுக்காரரோடு பேசி முடிப்பதற்குள் திரையில் நெட்வொர்க் பெயர் மாறிவிடும். கொளவாய் ஏரி இருட்டில் தெரிகிறதோ இல்லையோ, ரோமிங் தெரியும். விடிகாலையில் மதுரையில் இறங்கி மாம்பலத்து வீட்டுக்கு "வந்து சேர்ந்தேன்" என்று ஒரு மெசேஜ் தட்டினால் அது ரோமிங் மெசேஜ். சொந்த மாநிலத்துக்குள்ளேயே இந்தக் கூத்து. 2005-இல் இரண்டு வட்டங்களையும் ஒன்றாக்கினார்கள். அதற்கப்புறம் கும்மிடிப்பூண்டியைத் தாண்டித் தடா வந்தால்தான் ரோமிங் என்று ஆனது. திருப்பதிக்குப் போகிறவர்களுக்கு ஊத்துக்கோட்டை தாண்டியதுமே ஆந்திரா.

நான் வேலை பார்த்தது இதே கணக்கில்தான். தரமணி டைடல் பார்க்கில், பல நாட்டு செல்போன் நிறுவனங்களுக்கு பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுக்கும் ஒரு கம்பெனியில், ரோமிங் பிரிவு. கல்யாண வீட்டில் யாராவது "உனக்கு என்னப்பா வேலை" என்று கேட்டு, நான் சொல்லி முடிப்பதற்குள், "அதுசரி, நான் துபாயிலிருந்து ஒரே ஒரு மெசேஜ் அனுப்பினேன், அதுக்குப் போய் இவ்வளவு போட்டிருக்கானே, நியாயமா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். நியாயமில்லை என்பதுதான் சுருக்கமான பதில். ஆனால் அந்த அநியாயம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல ஆரம்பித்தால் சாம்பார் வந்து, ரசம் வந்து, மோரும் வந்துவிடும்.

முதலில் அந்தச் சரக்கின் எடையைப் பார்ப்போம். ஒரு எஸ்எம்எஸ் என்பது 140 பைட். அவ்வளவுதான். 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் வோடஃபோன் வலைப்பின்னலில் நீல் பாப்வொர்த் என்ற பொறியாளர் முதல் எஸ்எம்எஸ்ஸாகக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினார். அந்த வாழ்த்து போன வழி புதிதாகப் போட்ட வழி அல்ல. போன் எங்கே இருக்கிறது, அழைப்பு வருகிறதா, மணி அடிக்கலாமா என்று நெட்வொர்க் தனக்குள் பேசிக்கொள்ள ஏற்கெனவே ஒரு சிக்னலிங் தடம் இருந்தது. பெரும்பாலான நேரம் சும்மா கிடந்த அந்தத் தடத்தில் 140 பைட்டுக்கு இடம் இருந்தது. அதில் ஏற்றிவிட்டார்கள். 160 எழுத்து என்ற அளவு வந்ததும் அந்த இடத்தை வைத்துத்தான். 7 பிட் எழுத்தாக அடுக்கினால் 140 பைட்டில் 160 எழுத்து பிடிக்கும். ஒரு நிமிடப் பேச்சுக்கு ஆகிற தரவோடு ஒப்பிட்டால் இது தூசு. ஆக, கட்டணத்துக்கும் செலவுக்கும் ஆரம்பத்திலிருந்தே பேச்சுவார்த்தை கிடையாது.

ரோமிங்கில் அது போகும் விதம்தான் சுவாரஸ்யம். சென்னை எண்ணை வைத்துக்கொண்டு நீங்கள் ஃபிராங்க்ஃபர்ட்டில் நிற்கிறீர்கள். பக்கத்தில் நிற்கும் நண்பர் ஜெர்மன் எண் வைத்திருக்கிறார். அவருக்கு ஒரு மெசேஜ் அனுப்பினால் அது நேராக அவருக்குப் போகாது. உங்கள் சிம் கார்டுக்குள் மெசேஜ் சென்டர் எண் என்று ஒன்று எழுதியிருக்கும். அது உங்கள் சென்னை நிறுவனத்தின் மையம். மெசேஜ் முதலில் அங்கே வரும். அங்கிருந்து, அந்த ஜெர்மன் எண் இப்போது எங்கே இருக்கிறது என்று விசாரித்து, மறுபடி ஃபிராங்க்ஃபர்ட்டுக்குப் போகும். காசியில் தபால்பெட்டியில் போட்ட கடிதம், முகவரி காசியிலேயே அடுத்த தெருவாக இருந்தாலும், முதலில் மயிலாப்பூர் தபால் நிலையத்துக்கு வந்து முத்திரை வாங்கிக்கொண்டு திரும்பப் போக வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்தால் எப்படியோ அப்படி.

இதில் காசு கேட்க இரண்டு இடம் இருக்கிறது. ஒன்று, மெசேஜை முதலில் கையில் வாங்கிய ஃபிராங்க்ஃபர்ட் செல்போன் எக்ஸ்சேஞ்ச். இன்னொன்று, அதைப் பிரித்து அனுப்பிய சென்னை மையம். இரண்டுமே அதைப் பார்க்கின்றன, இரண்டுமே பதிவு எழுதி வைக்கின்றன. குரல் அழைப்பில் இந்தக் குழப்பம் இல்லை. வெளிநாட்டில் நின்று நீங்கள் ஒரு எண்ணுக்குப் பேசினால் அது சொந்த ஊர் நிறுவனத்தைத் தொடாமலே போய்விடலாம். எஸ்எம்எஸ் மட்டும் எப்படிப் போனாலும் தாய்வீட்டு வாசலை மிதித்துத்தான் போகும்.

ப்ரீபெய்டுக்கு இது வசதியாகப் போயிற்று. ரோமிங்கில் இருக்கும் ப்ரீபெய்டு வாடிக்கையாளரின் அழைப்பைப் பேச்சு நடக்கும்போதே கணக்குப் பார்த்து நிறுத்த, இரண்டு நாட்டு நெட்வொர்க்குகளும் ஒன்றோடொன்று பேச வேண்டும். அதற்கென்று காமெல் (CAMEL) என்று ஒரு நெறிமுறை வந்தது. எங்கள் தளத்தில் எல்லோரும் அதை ஒட்டகம் என்றே சொல்வோம். "ஒட்டகம் படுத்துடுச்சு" என்றால் யாரோ ஒரு நாட்டில் ப்ரீபெய்டு ரோமிங் நின்றுவிட்டது என்று அர்த்தம். ஒட்டகத்தின் மூன்றாம் பதிப்பில்தான் அனுப்பும் எஸ்எம்எஸ்ஸையும் கட்டுப்படுத்தும் வசதி வந்தது. அதுவரை பல நிறுவனங்கள் எளிய வழியைப் பிடித்துக்கொண்டன. மெசேஜ் எப்படியும் நம் மையத்துக்குத்தானே வரும், வரும்போது பேலன்ஸில் கழித்துக்கொள்வோம், பேலன்ஸ் இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவோம்.

மையத்தில் மட்டும் காசு வாங்கினால், மையத்தையே மாற்றிவிட்டால்? பழைய நோக்கியா போன்களில் மெசேஜ் செட்டிங்ஸுக்குள் போனால் மெசேஜ் சென்டர் எண் அப்படியே தெரியும். அழித்துவிட்டு வேறு எண்ணை எழுதலாம். அப்போது சில நாடுகளின் மையங்கள் யார் அனுப்பினாலும் மறுபேச்சில்லாமல் வாங்கி அனுப்பிவிடும். அந்த எண்களைத் தாளில் எழுதி விடுதிக்கு விடுதி கைமாற்றுவார்கள். உள்ளூரில் காசு வெட்டுகிற மையத்தை மெசேஜ் தொடவே இல்லை, அதனால் வெட்டு விழாது. கொஞ்ச நாளில் அந்த வெளிநாட்டு மையம் விழித்துக்கொண்டு கதவைச் சாத்தும், தாளில் வேறு எண் ஏறும். நிறுவனங்கள் இதைப் பார்த்துத்தான் எக்ஸ்சேஞ்சிலேயே கணக்கெடுக்க வேண்டும், வேற்று மைய எண்களை அங்கேயே தடுக்க வேண்டும் என்று உஷாரானார்கள். பில்லிங் பாடப் புத்தகம் எதிலும் இந்த விடுதிப் பையன்களுக்கு நன்றி சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லியிருக்க வேண்டும்.

சரி, ஃபிராங்க்ஃபர்ட் எக்ஸ்சேஞ்ச் எழுதி வைத்த பதிவு என்ன ஆகிறது? அது டாப் (TAP) ஃபைல் என்ற கோப்பில் ஏறுகிறது. உலகத்தில் பெரும்பாலான நிறுவனங்கள் ரோமிங் கணக்கை இந்த ஒரே வடிவத்தில்தான் பரிமாறிக்கொண்டன. யார் எண், எந்த நேரம், எந்த மெசேஜ் சென்டர், எவ்வளவு. அந்த "எவ்வளவு" பெரும்பாலும் டாலரிலும் இருக்காது, யூரோவிலும் இருக்காது. எஸ்டிஆர் என்று, சர்வதேச நாணய நிதியம் தன் கணக்குக்கு வைத்திருக்கும் ஓர் அலகில் இருக்கும். பல நாட்டுப் பணத்தைக் கலந்து மதிப்புப் போடுவது அது. நாடுகள் கடன் வாங்கிக் கொடுக்கும் அதே அலகில், மயிலாப்பூர் மாமா ஒருவர் ரைன் நதிக்கரையில் நின்று "சாப்பிட்டாச்சு" என்று அனுப்பியதற்கும் ஒரு வரி. முதல் நாள் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஃபிராங்க்ஃபர்ட்காரர் சென்னைக்காரரிடம் வாங்குவது மொத்த விலை. சென்னைக்காரர் உங்களிடம் வாங்குவது சில்லறை விலை. நடுவில் எவ்வளவு வைப்பது என்பது அவரவர் மனசு. மொத்த விலையையே இரண்டு நிறுவனங்களும் பேசித்தான் முடிவு செய்கின்றன. என் வாடிக்கையாளர் உன் ஊருக்கு நிறைய வருகிறார், உன் வாடிக்கையாளர் என் ஊருக்கு நிறைய வருகிறார் என்று பேரம். இந்தப் பேரத்தில் அந்த 140 பைட்டின் அடக்க விலையை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

போஸ்ட்பெய்டு வாடிக்கையாளருக்கு ஒரே மெசேஜுக்கு இரண்டு பதிவு வந்து நிற்கும். சென்னை மையத்தின் பதிவு உடனே வரும். டாப் பதிவு நாள் கழித்து வரும், சில சமயம் வாரக்கணக்கில். பில்லிங் மென்பொருள் இரண்டும் ஒன்றுதான் என்று கண்டுபிடித்து ஒன்றைத் தள்ள வேண்டும். கேட்க எளிது. எண்ணைப் பார், நேரத்தைப் பார், ஒத்துப்போனால் ஒன்றை விடு.

நேரம்தான் கழுத்தை அறுக்கும். டாப் பதிவில் ஃபிராங்க்ஃபர்ட் நேரம் இருக்கும், கூடவே கிரீன்விச்சிலிருந்து அது எவ்வளவு தள்ளி என்ற குறிப்பும் இருக்கும். சென்னை மையத்தின் பதிவில் இந்திய நேரம். இரண்டையும் கிரீன்விச் நேரத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிட வேண்டும். ஓர் இடத்தில் எங்களுக்கு முன்னால் வேறொரு நிறுவனம் எழுதிக் கொடுத்திருந்த நிரல், இந்தியாவின் ஐந்தரை மணி நேரத்தில் அரையைச் சாப்பிட்டுவிட்டு ஐந்தை மட்டும் கழித்துக்கொண்டிருந்தது. எழுதியவர்களின் ஊரில் அரை மணி நேர வித்தியாசம் என்று ஒன்று இருக்கும் என்றே யாருக்கும் தோன்றியிருக்காது. இரண்டு பதிவுக்கும் நடுவே எப்போதும் முப்பது நிமிடம் இடைவெளி. ஒத்துப்போகவே போகாது. ஒத்துப்போகாததால் இரண்டும் தனித்தனி மெசேஜ் என்று பில்லில் ஏறியது. வாடிக்கையாளர் கூப்பிட்டுக் கேட்டால், "சார், நீங்க ரெண்டு தடவை அனுப்பியிருக்கீங்க" என்று பதில். அவரும், ஒருவேளை பொத்தானை இரண்டு முறை அழுத்திவிட்டோமோ என்று போனை வைத்துவிடுவார். சின்னத் தொகைக்கு யார் மல்லுக்கட்டுவார்கள்? ஒரு ரயில்வே ஓய்வூதியர்தான் மல்லுக்கட்டினார். தான் அனுப்பிய ஒவ்வொரு மெசேஜையும் டைரியில் நேரத்தோடு எழுதி வைத்திருந்தார். பில்லையும் டைரியையும் ஸ்கேன் செய்து அனுப்பினார். அந்தப் பக்கத்தை எங்கள் குழுவில் சுவரில் ஒட்டி வைத்திருந்தோம். பில்லில் இருந்த இரண்டாவது வரிசை முழுக்க அரை மணி நேரம் தள்ளி நின்றதை அவர்தான் சிவப்பு மையில் கோடு போட்டுக் காட்டியிருந்தார்.

தமிழில் மெசேஜ் அனுப்புகிறவருக்குத் தனி அடி. 160 எழுத்து என்பது ஆங்கிலத்துக்கு. தமிழ் எழுத்து ஒன்று வந்துவிட்டால் மொத்த மெசேஜும் 16 பிட்டுக்கு மாறும், அப்போது 70தான். நீளமானால் துண்டு போட வேண்டும், துண்டுகளை ஒட்டும் குறிப்புக்குக் கொஞ்சம் இடம் போய்விடும், ஒரு துண்டுக்கு 67. அதிலும் நாம் எழுத்து என்று நினைப்பது வேறு, கணினி எண்ணுவது வேறு. "வந்து சேர்ந்தேன்" என்பதை நாம் எட்டு எழுத்து என்போம். கணினிக்குப் புள்ளி தனி, கொம்பு தனி, கால் தனி. இடைவெளியையும் சேர்த்து 16. இந்தக் கணக்கில் நாலு வரி நலம் விசாரிப்பு இருநூறைத் தொட்டால் மூன்று எஸ்எம்எஸ். ரோமிங்கில் மூன்று மடங்கு காசு, டாப் ஃபைலில் ஒரே நொடியில் மூன்று வரி. அதையே "eppadi irukkeenga" பாணியில் ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தால் இரண்டில் முடிந்திருக்கும். தங்கிலீஷ் வளர்ந்ததற்குச் சோம்பேறித்தனத்தைச் சொல்வார்கள். பில்லையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு 7 பிட்டிலேயே எழுத்து அட்டவணை பின்னால் தரநிலையில் சேர்த்தார்கள். சந்தையில் அது எடுபடவில்லை. ஆங்கிலத்தில் எழுதுகிறவரும் ஓர் ஸ்மைலி படத்தைச் செருகினால் இதே எழுபதில் வந்து விழுவார் என்பது நமக்கு ஒரு சின்ன ஆறுதல்.

இவ்வளவு புலம்பலுக்கு நடுவில் ஒன்று மட்டும் பெரும்பாலும் ஒழுங்காக இருந்தது. ரோமிங்கில் வருகிற எஸ்எம்எஸ்ஸுக்குக் காசு இல்லை. வருகிற அழைப்புக்கு உண்டு, ஏனென்றால் சென்னைக்கு வந்த அழைப்பை வெளிநாடு வரை கொண்டுபோகும் செலவு பெறுபவர் தலையில். எஸ்எம்எஸ்ஸில் அனுப்புகிறவரின் மையமே நேராக நீங்கள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவந்து போட்டுவிடுகிறது, வழியில் உங்கள் பெயரில் மீட்டர் ஓடுவதில்லை. தவிர, வருகிற மெசேஜை வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. அமெரிக்காவில் பல காலம் உள்ளூர்க்காரர்களே வருகிற மெசேஜுக்கும் காசு கட்டினார்கள் என்று சொன்னால் இங்கே நம்ப மறுப்பார்கள்.

உள்நாட்டு ரோமிங் கதைக்கு வருவோம். 2007-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ரோமிங் அழைப்புகளுக்கு உச்சவரம்பு வைத்தது, மாத வாடகையை எடுத்தது. எஸ்எம்எஸ்ஸுக்கு வரம்பு வந்தது 2013 ஜூலையில்: லோக்கல் 1 ரூபாய், எஸ்டிடி 1 ரூபாய் 50 காசு. 2015 மே மாதம் மறுபடி குறைத்தார்கள்: லோக்கல் 25 காசு, எஸ்டிடி 38 காசு. அதே உத்தரவில் லோக்கல் அழைப்பு 1 ரூபாயிலிருந்து 80 காசுக்கு இறங்கியது. அழைப்பில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது, எஸ்எம்எஸ்ஸில் நாலில் மூன்று பங்கு. எதில் காற்று அதிகம் அடைத்திருந்தது என்று இதிலேயே தெரியும். ஒரு நிறுவனத்தின் மெசேஜை இன்னொரு நிறுவனம் தன் வாடிக்கையாளரிடம் சேர்ப்பதற்கு 2013-இல் டிராய் வைத்த கட்டணம் 2 காசு என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அந்த லோக்கல், எஸ்டிடி பிரிவைத்தான் நாங்கள் கேன்டீனில் கிண்டல் செய்வோம். சென்னை எண் வைத்திருப்பவர் டெல்லியில் நின்று டெல்லி எண்ணுக்கு அனுப்பினால் லோக்கல். ஆனால் அந்த மெசேஜ் சென்னை மையத்துக்கு வந்து திரும்பி டெல்லிக்குப் போகிறது, போக வர நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல். அதே ஆள் டெல்லியிலிருந்து சென்னை வீட்டுக்கு அனுப்பினால் எஸ்டிடி. அது பாதித் தூரம்தான் போகிறது. அதிகம் சுற்றியதற்கு 25 காசு, குறைவாகப் போனதற்கு 38 காசு. குரல் அழைப்புக்குப் போட்ட கட்டத்தில் எஸ்எம்எஸ்ஸையும் தூக்கி உட்காரவைத்ததன் பலன்.

ஐரோப்பாவில் இந்தச் சண்டை முன்னாலேயே நடந்தது. 2009 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் ரோமிங் எஸ்எம்எஸ்ஸுக்கு 11 யூரோ சென்ட்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டம் வைத்தார்கள். முக்கியமாக, நிறுவனங்கள் தங்களுக்குள் வாங்கும் மொத்த விலைக்கும் 4 சென்ட் என்று மூக்கணாங்கயிறு போட்டார்கள். மொத்த விலையைத் தொடாமல் சில்லறை விலையை மட்டும் பிடித்தால் நிறுவனம் நொண்டிச் சாக்கு சொல்லும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2017 ஜூனில் ரோமிங் கூடுதல் கட்டணத்தையே எடுத்துவிட்டார்கள். அதே சமயத்தில் இங்கேயும் உள்நாட்டு ரோமிங் செத்தது, ஆனால் சட்டத்தால் அல்ல. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து ரோமிங் இலவசம் என்றது. 2017 ஏப்ரலிலிருந்து ஏர்டெலும் எடுத்தது. அதற்குள் மக்கள் வாட்ஸப்புக்குப் போய்விட்டார்கள். தடா தாண்டினால் என்ன ஆகும் என்று இன்றைய கல்லூரிப் பையனைக் கேட்டால், "பிரியாணி கடை வரும்" என்பான்.

சர்வதேச ரோமிங்குக்கு மட்டும் இந்தியாவில் உச்சவரம்பு இல்லை. விலையை நிறுவனங்களே வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டில் யார் எஸ்எம்எஸ் அனுப்புகிறார்கள், வாட்ஸப் இருக்கும்போது இது செத்த பாம்புதானே என்று நானும் கொஞ்ச காலம் நினைத்திருந்தேன். அனுப்புகிறார்கள். தாங்கள் அனுப்புவது தெரியாமலே அனுப்புகிறார்கள்.

என் அத்தை சிங்கப்பூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். மகள் புதுப் போன் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். சென்னை சிம்மை அதில் மாற்றிப் போட்டாயிற்று. ஒன்றாம் தேதி, காலையிலேயே எனக்கு வாட்ஸப் அழைப்பு.

"டேய், பழைய போன்ல எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. பேங்க் ஓடிபி கூட இங்க வந்துச்சு. இதுல பணம் அனுப்புற ஆப்பைத் திறந்தா, நம்பரைச் சரிபார்க்கிறோம்னு சொல்லிச் சுத்திக்கிட்டே இருக்கு."

"பேலன்ஸ் எவ்வளவு இருக்கு அத்தை?"

"எண்பத்திநாலு நாளுக்குப் போட்டுட்டுத்தானே கிளம்பினேன்? தினம் நூறு எஸ்எம்எஸ் வேற இருக்குங்கறான்."

"அது பேக். இந்தியாவுக்குள்ளதான் செல்லும். மெயின் பேலன்ஸைப் பாருங்க."

மெயின் பேலன்ஸ் சைபர். இப்போது யாருக்குத்தான் அதில் காசு இருக்கிறது?

யுபிஐ ஆப் ஒரு புதுப் போனில் முதல் முறை திறக்கும்போது, இந்தப் போனுக்குள் இந்த சிம்தான் இருக்கிறது என்று வங்கி உறுதி செய்துகொள்ள வேண்டும். ஓடிபி அதற்குப் போதாது. ஓடிபியை வேறு யாராவது கேட்டு வாங்கித் தட்டிவிடலாம். அதனால் எதிர்த்திசையில் போகிறார்கள். போனே ஓர் எஸ்எம்எஸ்ஸைத் தானாக வங்கியின் எண்ணுக்கு அனுப்பும். உள்ளே படிக்க முடியாத நீளமான ஒரு குறியீடு. அனுப்புநர் எண்ணை நெட்வொர்க் போடுகிறது, ஆள் தட்டுவதில்லை, அதனால் நம்பலாம். யோசனை நல்ல யோசனைதான், குறை சொல்ல மாட்டேன். ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் சத்தமில்லாமல் போகும். ஐபோனில் மெசேஜ் திரை திறந்து, அனுப்பு பொத்தானை நாமே அழுத்த வேண்டும். ஐபோன் தன் ஐமெசேஜைத் தொடங்கும்போது இங்கிலாந்து எண்ணுக்கு இப்படி ஓர் எஸ்எம்எஸ்ஸை ரகசியமாக அனுப்பிச் சர்வதேச எஸ்எம்எஸ் காசை வெட்டுவது பலருக்கும் அனுபவம்.

உள்ளூரில் இந்த மெசேஜ் பேக்கில் கழிந்துவிடும், யாருக்கும் தெரியாது. வெளிநாட்டில் அது ரோமிங்கில் அனுப்பிய எஸ்எம்எஸ். சிங்கப்பூர் எக்ஸ்சேஞ்ச், சென்னை மையம், டாப் ஃபைல் என்று பழைய கூட்டம் முழுவதும் வந்து உட்கார்ந்துகொள்ளும். வருகிற ஓடிபி இலவசம், போகிற சரிபார்ப்புக்குக் காசு. அத்தையின் போனில் முதலாவது வந்ததும் இரண்டாவது போகாததும் இதனால்தான்.

"நான் அந்த அம்மாவுக்குச் சம்பளத்தை இங்கிருந்து போட்டுடறேன், விடுங்க" என்றேன். வீட்டு வேலை செய்யும் அம்மாவுக்கு ஒன்றாம் தேதியே பணம் போக வேண்டும்.

"நீ போட்டா என் கணக்கு குழம்பிடும். எனக்கு இந்த ஆப் வேலை செய்யணும்."

சரி என்று நூறு ரூபாய் டாப்பப் போட்டேன். நூறு போட்டால் பேச்சுக்குக் கிடைப்பது 81 ரூபாய் 75 காசு, வரியும் கட்டணமும் போக. முதல் முயற்சியில் ஆப் சுற்றிச் சுற்றி, நேரம் முடிந்துவிட்டது, மீண்டும் முயலவும் என்றது. இரண்டாவது முயற்சியில் உள்ளே விட்டது. பேலன்ஸைப் பார்த்தால் இரண்டுக்கும் வெட்டியிருந்தது. முதலாவது தோற்றதுக்கு எதற்குக் காசு என்று அத்தை என்னைக் கோபித்துக்கொண்டார், நான்தான் அந்த நிறுவனத்தை நடத்துவது போல. சென்னை மையம் மெசேஜைக் கையில் வாங்கிய நொடியில் கணக்கு முடிந்தது. வங்கிக்கு அது முப்பது விநாடி தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், ஆப் பொறுமை இழந்தால், அது மீட்டருக்குச் சம்பந்தமில்லாத விஷயம். மெசேஜ் வாங்கப்பட்டதற்குத்தான் கட்டணம், சேர்ந்ததற்கு அல்ல. அன்றிலிருந்து இன்று வரை அப்படித்தான்.

எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. விடுதிப் பையன் அனுப்பிய மெசேஜை அவன் எழுதினான், மாமா அனுப்பிய "சாப்பிட்டாச்சு"வை மாமா எழுதினார். விலை அதிகமா, அனுப்பாமல் இருக்க முடிந்தது. அத்தையின் மெசேஜை எழுதியது ஆப், கேட்டது வங்கி, படித்ததும் வங்கியின் கணினி. அத்தை அதைப் பார்க்கக்கூட இல்லை. 1800 என்று தொடங்கும் எண்ணுக்கு நாம் பேசினால் அந்த நிறுவனம் காசு கட்டுகிறது. வங்கி தன் சரிபார்ப்புக்காகக் கேட்கும் எஸ்எம்எஸ்ஸின் செலவையும் அதே மாதிரி வங்கி ஏற்க முடியாதா? அதற்கு நிறுவனங்களுக்குள் புது ஏற்பாடு வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் திரையில் ஒரு வரி எழுத எந்த ஏற்பாடும் வேண்டாம். "நீங்கள் வெளிநாட்டில் இருக்கிறீர்கள், இப்போது ஓர் எஸ்எம்எஸ் போகும், ஒவ்வொரு முயற்சிக்கும் ரோமிங் கட்டணம் விழும்." ரோமிங்கில் இருப்பது போனுக்குத் தெரியும். அதற்குப் பதில் பொடி எழுத்தில் "வழக்கமான எஸ்எம்எஸ் கட்டணம் உண்டு" என்று இருக்கிறது. யாருக்கு வழக்கம்?

2023 ஜனவரியில் சிங்கப்பூர், அமீரகம், அமெரிக்கா உள்ளிட்ட 10 நாடுகளின் எண்களை வைத்தே யுபிஐ பயன்படுத்தலாம் என்று தேசியக் கொடுப்பனவுக் கழகம் அனுமதித்தது. ஆனால் அது வெளிநாடுவாழ் இந்தியர்களின் என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளுக்கு. பேரனைப் பார்க்கப் போயிருக்கும் பாட்டியின் சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு அல்ல. அவருக்கு அந்தச் சென்னை சிம்தான் கதி.

அதனால் இப்போது யார் வெளிநாடு கிளம்பினாலும் மூன்று விஷயம் சொல்லிவிடுகிறேன். போன் மாற்றுவதாக இருந்தால் மீனம்பாக்கத்துக்குக் கிளம்புவதற்கு முன்பே மாற்றி, எல்லா வங்கி ஆப்பையும் வீட்டிலேயே ஒருமுறை திறந்து பாருங்கள். சர்வதேச ரோமிங்கை இங்கேயே இயக்கிவிட்டு, மெயின் பேலன்ஸில் ஒரு நூறு ரூபாய் போட்டு வையுங்கள். அங்கே போனபின் மகளோ மருமகனோ புதுப் போன் வாங்கிக் கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள், சிம்மை மட்டும் பழைய போனிலேயே விட்டுவிடுங்கள். அத்தை திரும்பி வந்ததும் முதல் காரியமாகப் பழைய போனைத் தேடி எடுத்து சார்ஜில் போட்டார். அடுத்த வருஷம் ஆஸ்திரேலியாவாம், மகன் வீட்டுக்கு.